திரும்பி வந்த மகள்
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணவனால் துன்புறுத்தப்படும் பெண் அவ்வில்லத்தில் இருப்பதா, நீங்குவதா என்பதே இன்று நாம் ஆராயப் புகுந்த விஷயம். இத்தீமை நம் குலத்தில் இல்லை என்று சிலர் கூறக்கூடும். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களுள் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானோர். அவர்களுள் நம் வீட்டுப் பெண் ஒருத்தியும் இல்லையெனச் சத்தியம் செய்யவல்லார் யார்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் நம் சங்கத்தாரிடம் வந்து முறையிட்டாள். நாம் இரு வீட்டாரையும் வரவழைத்துச் சமாதானம் பேசிக் கணவனுடன் அனுப்பினோம். மூன்று மாதங்களில் மீண்டும் வந்தாள், மீண்டும் அனுப்பினோம். மூன்றாம் முறை அவள் நம்மிடம் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கே எடுத்துச் செல்லப்பட்டாள். உயிர் பிழைத்தாள், அது நம்மால் அன்று. குடும்பத்தைக் காத்தோம் என்று எண்ணியிருந்தோம். நாம் காத்தது நமது கௌரவத்தை மாத்திரமே.

"இத்தனை நாள் ஏன் பொறுத்தாள்?" என்று கேட்பது எளிது. அடித்தவன் மறுநாள் அழுகிறான். சில நாள் அன்பு காட்டுகிறான். பின்னர் மீண்டும் அடிக்கிறான். அந்த அன்பு நிலைக்குமென்று நம்பியே அவள் தங்குகிறாள். குழந்தைகள், கையில் பொருளின்மை, பிறந்தகம் ஏற்குமோ என்னும் ஐயம் ஆகியவையும் அவளைத் தடுக்கின்றன. இவற்றுள் கடைசியானது நாம் உண்டாக்கிய தளை.

பொறுத்தல், பிரிதல் என இரண்டே வழிகள் உண்டென்று பலர் நினைக்கின்றனர். அது பிழை. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையிலுள்ள, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, விவாகரத்துக் கோராமலே ஒரு பெண் மாஜிஸ்டிரேட்டிடம் பாதுகாப்பு ஆணை பெறலாம். வீடு அவள் பெயரில் இல்லாவிடினும் அங்கே வசிக்க அவளுக்கு உரிமையுண்டு. கணவனையே வெளியேறும்படி மாஜிஸ்டிரேட் உத்தரவிடலாம். இழிசொல்லும், செலவுக்குப் பணம் மறுத்தலும்கூட அச்சட்டத்தில் வன்முறையே. கொடுமையை அறிந்த எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். 181 என்னும் தொலைபேசி எண் வாயிலாகவும் உதவி கிட்டும். சீதனம் மனைவியின் சொத்தே என்பதை உச்ச நீதிமன்றம் 1985இல் தெளிவாக்கியுள்ளது.

எனினும் நீங்குவதென்று துணிந்தவளுக்கு ஓர் எச்சரிக்கை. நீங்கும் வேளையே பெரும்பாலும் அபாயம் மிகுந்த வேளை. ஆதலின் சண்டையின் நடுவே அறிவித்துப் புறப்படலாகாது. சான்றுப் பத்திரங்களையும் சிறிது பணத்தையும் நம்பிக்கையான ஒருவரிடம் முன்னரே சேர்ப்பித்து, செல்லுமிடத்தை உறுதிசெய்துகொண்டு புறப்படுதல் நன்று.

வெளிவந்தவுடன் மனப்புண் ஆறிவிடுவதில்லை. கதவு தட்டும் ஓசைக்கும் அவள் நடுங்குவாள், தன்னையே நொந்துகொள்வாள், அவனை நினைத்து அழவும் கூடும். அவ்வழுகையைக் கண்டு, திரும்பிப் போக விரும்புகிறாளென முடிவு கட்டாதீர்கள். அவள் சொல்வதை நம்புங்கள். மனநல வைத்தியரிடம் செல்ல நாணவேண்டா. ஒரு தொழிலும், தன் கையால் ஈட்டிய காசும், அச்சமற்ற உறக்கமும் நாளடைவில் அவளைத் தேற்றும்.

இருப்பதா, நீங்குவதா என்று தீர்மானிக்க வேண்டியவள் அவளே. அவளுக்காக நாம் தீர்மானித்ததன் பலனைக் கண்டோம். இனி நம் சங்கம் முறையிட வரும் எந்தப் பெண்ணையும் அவள் விருப்பமின்றித் திருப்பி அனுப்பலாகாது என்று இன்றே தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறோம். பெற்றோர்களே, மணம் முடித்து அனுப்பும் நாளில், "எந்நேரமும் இக்கதவு உனக்குத் திறந்திருக்கும்" என்று மகளிடம் சொல்லி அனுப்புங்கள். அச்சொல்லைவிடச் சிறந்த சீதனம் வேறில்லை.