மாட்டுத் தீனியைச் சுமப்பவர் யார்?

பசு பால் தருகிறது என்று உலகம் எளிதாகச் சொல்லிவிடுகிறது. அப்பசுவின் வாயருகே நாள்தோறும் தீனியைக் கொண்டுவந்து சேர்ப்பவர் யார் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் பாதையில் அமைந்தது புசல்லாவை. அங்கே இக்கேள்விக்கு விடை தேடி நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் மாலை வேளையில், புற்கட்டைத் தலையில் தாங்கிச் சரிவில் இறங்கும் பெண்களும் ஆண்களுமே அதற்கு விடை.

இப்பணியைப் பிற நாட்டார் எவ்வாறு செய்கின்றனர் என்பதை நேயர்கள் அறிவது நலம். வட அமெரிக்காவில் மொன்டானா, வயோமிங் என்னும் மாநிலங்களில் மாரிக்காலத்துப் புல்வெளிகள் மாதக்கணக்கில் பனியின் கீழ் மறைந்து கிடக்கும். ஆதலின் கோடையிலேயே புல்லை அறுத்து, வெயிலில் உலர்த்தி, போராகக் குவித்து வைத்துவிடுகின்றனர். பனி விழுந்தபின் நாள்தோறும் காலையில் இரண்டு அல்லது நான்கு பாரக் குதிரைகளைச் சக்கரமில்லாத சறுக்கு வண்டியில் பூட்டி, உலர்புல்லை ஏற்றி, மாடுகள் நிற்கும் வெளிக்கு ஓட்டிச் செல்கின்றனர். பெர்ச்செரன், பெல்ஜியன் என்னும் இனங்களைச் சேர்ந்த இக்குதிரைகள் ஒவ்வொன்றும் 800 கிலோவுக்கு மேல் நிறையுள்ளவை.

உழவு இயந்திரம் வந்தபின்னும் சில பண்ணைகள் குதிரையைக் கைவிடவில்லை. இதற்குக் காரணங்கள் உண்டு. கடுங்குளிரில் இயந்திரம் உயிர்பெற மறுக்கும். குதிரைக்கு அத்தடை இல்லை. மேலும், இயந்திரத்தை ஓட்ட ஒருவரும் புல்லைத் தள்ள மற்றொருவருமாக இருவர் வேண்டும். பழகிய குதிரைகளோ கடிவாள வாரைக் கம்பத்தில் கட்டிவிட்டாலும், குரலுக்குக் கட்டுப்பட்டு மெல்ல நடந்துகொண்டேயிருக்கும். ஆகவே தனியொருவன் வண்டியின் மீது நின்று புல்லைத் தள்ளிக்கொண்டே போகலாம். ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 11 கிலோ உலர்புல் எனக் கொண்டால், 200 மாடுகளுக்கு 2,200 கிலோ ஆகிறது. இத்துணைப் பாரத்தையும் குதிரைகள் இழுக்க, ஒரே ஆள் பகிர்ந்தளித்துவிடுகிறான்.

இனிப் புசல்லாவையின் கணக்கைப் பார்க்கலாம். 350 முதல் 400 கிலோ நிறையுள்ள கறவைப் பசுவொன்று நாளொன்றுக்கு 35 முதல் 40 கிலோ பச்சைப் புல்லைத் தின்னும். மாதத்துக்கு அது ஆயிரம் கிலோவைத் தாண்டிவிடும். பச்சைப் புல்லின் நிறையில் முக்காற்பங்கு, சிலவேளை அதற்கும் மேல், நீரே. எனவே ஒரு பெண் இரண்டு நடையில் சுமந்து வரும் 40 கிலோவில் 30 கிலோ நீர்ப்பாரமாகும்! இச்சுமையைப் பகிர்ந்துகொள்ள அவளுக்குக் குதிரையுமில்லை, வண்டியுமில்லை.

மலைநாட்டில் பனிப்படலம் இல்லை. ஆயினும் பஞ்ச காலம் உண்டு. தை, மாசி மாதங்களில் மழை குறைகிறது. காணோரங்களிலும் பாதையோரங்களிலும் புல் காய்கிறது. அருகில் கிடைத்த புல்லுக்கு அப்போது ஒரு மைல், இரண்டு மைல் நடக்க வேண்டியதாகிறது. களைநாசினி தெளித்த மலைகளில் அறுத்த புல்லோ பசுவுக்குக் கேடு தரக்கூடியது. பால் வற்றுகிறது; பாற்பணத்தை நம்பிய வீட்டில் பிள்ளைகளின் கொப்பிப் புத்தகத்துக்கும் கடைக்கணக்குக்கும் முட்டுப்பாடு நேர்கிறது. சில குடும்பங்கள் வேறு வழியின்றிப் பசுவையே விற்றுவிடுகின்றன.

இம்மலைகளில் கால்நடைத் தீனியைப்பற்றிக் கருதியவர்கள் முன்பு இல்லாமற் போகவில்லை. 1840ஆம் ஆண்டுகளில் புசல்லாவை பேர்பெற்ற கோப்பி நாடாக இருந்தது. வேர்ம்ஸ் சகோதரர்களின் ரொத்சைல்ட் தோட்டம் அங்கேதான் உருவாயிற்று. 1867இல் புகையிரதம் கண்டியை எட்டும்வரை, மலைநாட்டுக் கோப்பி கொழும்புக்கு இறங்கியதும் தோட்டங்களுக்கு அரிசி ஏறியதும் மாட்டுக் கரத்தைகளிலேயே. கரத்தை செல்லாத இடங்களில் பொதிமாட்டுத் தவளங்கள் நடந்தன. குதிரை பெரும்பாலும் துரைமாரின் சவாரிக்கும் அஞ்சல் வண்டிக்கும் உரியதாயிருந்தது; பாரமிழுத்தது எருதே. எருவுக்காகவும் தோட்டங்களில் மாட்டுப் பட்டிகள் இருந்தன. அவற்றுக்கெனக் கினிப்புல் பயிரிடப்பட்டது. மாடு தோட்டத்தின் உடைமையாக இருந்தபோது, அதன் தீனிக்குத் தோட்டத்தில் நிலமும் இருந்தது.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியது. தேயிலை வந்தது, புகையிரதமும் மோட்டார் வாகனமும் செயற்கை உரமும் வந்தன. தோட்டத்துக்கு மாடு வேண்டாததாயிற்று. தொழிலாளியின் பசு மட்டும் லயத்தின் பின்புறக் கொட்டிலில் எஞ்சி நின்றது. பசு அவனுடையது, புல் விளையும் நிலம் அவனுடையதன்று. சுமையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பரிகாரம் என்ன? முதலாவது, புல்லைக் கொட்டிலுக்கு அருகில் கொண்டுவருதல். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கோ-3 என்னும் கலப்பு நேப்பியர்ப் புல் இலங்கையிலும் நன்கு வேரூன்றியுள்ளது. சாணம் இட்டுப் பேணினால் ஏறத்தாழக் கால் ஏக்கர் நிலம் ஒரு பசுவின் பசியைப் பெரும்பாலும் தீர்க்கும். தேயிலை பயிரிடப்படாத தரிசுத் துண்டுகளைத் தோட்ட நிர்வாகங்கள் இதற்கு ஒதுக்குமாயின் இழப்பு சிறிது, பயன் பெரிது. வேலியில் நட்ட கிளிரிசிடியாவின் தழையும் சத்துள்ள தீனியாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலைகளில் கௌதமாலாப் புல் 18 முதல் 24 மாதங்கள் வரை வளர்க்கப்படுகிறது. அதனை வெட்டி அங்கேயே பரப்புவது களைத்த மண்ணைத் தேற்றுவதற்காக. அப்புல்லை மாட்டுக்கென அள்ளிச் சென்றுவிட்டால் மண் பட்டினி கிடக்கும். புல் போன வழியே சாணம் திரும்பி வருவதற்குத் தொழிலாளியும் நிர்வாகமும் உடன்பட்டாலன்றி, அதில் கைவைத்தல் தகாது.

இரண்டாவது, மழைக்காலத்து மிகுதியைச் சேமித்தல். மலைநாட்டு ஈரத்தில் புல்லை உலர்த்துவது கடினம். ஆனால் ஊறவைத்துக் காக்க முடியும். புல்லை ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, அரைநாள் வாடவிட்டு, பிளாஸ்டிக் பீப்பாயிலோ தடித்த பையிலோ காற்றுப் புகாதபடி மிதித்து அடைத்து மூடிவிட வேண்டும். ஏறக்குறைய ஆறு வாரத்தில் அது புளித்த மணமுள்ள பதப்புல்லாகிவிடும். மூடி திறவாதவரை பல மாதம் கெடாது. ஐப்பசி, கார்த்திகையில் அடைத்தது மாசியில் கைகொடுக்கும். கம்பளைப் பக்கத்து வயல்களின் வைக்கோலையும் வாங்கி வைக்கலாம். அது பெரும்பாலும் நீரற்றது, ஆதலின் சுமப்பவருக்கு அதன் பாரத்தில் வீண் இல்லை.

மூன்றாவது, சுமையைத் தலையிலிருந்து இறக்குதல். பல குடும்பங்கள் ஒன்றுகூடி அறுத்த புல்லைப் பாதையோரத்தில் சேர்த்தால், ஒரு கைவண்டியோ, கொழுந்து ஏற்றித் திரும்பும் லொறியோ அதைக் கொண்டுவந்துவிடும். பால் சேகரிக்கும் சங்கங்கள் இதனையும் தம் கடமையாகக் கொள்ளலாம்.

பனிநாட்டார் தீனியைக் கோடையில் சேமித்தனர். பாரத்தை விலங்கின் தோளில் ஏற்றினர். மலைநாட்டுக்கு அவர்தம் குதிரை வேண்டுவதில்லை, முன்யோசனை வேண்டும். பாலின் விலையைக் கணக்கிடுவோர், அந்திவேளையில் சரிவில் இறங்கும் அந்த 40 கிலோவையும் கணக்கில் சேர்ப்பாராயின், அச்சுமையைக் குறைக்கும் வழியும் தானே தோன்றும்.