பிலானிப் பல்கலைக் கழகமும் நம் பிள்ளைகளும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் பொறியியற் கல்வி குறித்துப் பேசப் புகுவது நகைப்புக்கு இடமாகலாம். ஆயினும், சென்ற தை மாதத்தில் என் தமையனார் எம் இல்லம் போந்து, "தம்பி, பையனைப் பிலானியிலே சேர்க்கலாம் என்கின்றார்கள், ஆற்றங்கரை நிலத்தை விற்றுவிடட்டுமா?" என்று வினவினார். அவ்வினாவுக்கு விடை தேடியதே இப்பேச்சு. அவர் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றார். அவர் இசைவுடனேயே சொல்லுகின்றேன்.

இராசஸ்தானத்தின் சிற்றூராகிய பிலானியில் பிர்லாக் குடும்பத்தார் வளர்த்த கல்லூரிகள் 1964-ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்து பல்கலைக் கழக நிலை எய்தின. இன்று கோவாவிலும் ஐதராபாத்திலும் அதற்கு வளாகங்கள் உள. தனியார் நிறுவனமேயாயினும், நன்கொடை கொடுத்து இடம் வாங்கும் வழி ஆங்கில்லை. சாதிவாரி ஒதுக்கீடும் இல்லை. ஆதலின் நம் சங்கத்தின் பரிந்துரைக் கடிதம் தபாற் செலவுக்குக் கேடேயாம். (நகைப்பு)

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், பௌதிகம், இரசாயனம் மூன்றிலும் சேர்த்து நூற்றுக்கு 75-உம், தனித்தனியே 60-உம் பெறுதல் வேண்டும். அது வாயில் மட்டுமே. உள்ளே இடந்தருவது நுழைவுத் தேர்வு. 3 மணி நேரத்தில் 130 வினாக்கள். மொத்த மதிப்பெண் 390. சரியான விடைக்கு 3 கூடும்; தவறான விடைக்கு 1 கழியும். வினாவொன்றுக்கு ஒன்றரை நிமிடமும் இல்லை. பக்கம் பக்கமாக எழுதி நூற்றுக்கு நூறு வாங்கும் நம் பிள்ளை ஆங்கே தடுமாறுவது அறிவுக் குறைவாலன்று, பழக்கமின்மையால். ஆங்கிலத்துக்கும் தருக்கத்துக்குமாக 30 வினாக்கள் உண்டு. என் மாணாக்கருட் பலர் இவற்றை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. 90 மதிப்பெண் அதனோடு போகின்றது.

"இடங் கிடைக்குமா?" என்று கேட்பதே பிழை. எந்த வளாகத்தில், எந்தப் பிரிவில் என்று கேட்டல் வேண்டும். கணிப்பொறிப் பிரிவுக்கு வேண்டும் மதிப்பெண்ணுக்கும் ஏனைச் சில பிரிவுகளுக்கு வேண்டுவதற்கும் இடையே பெருந்தூரம். முந்தைய ஆண்டுகளின் கடைசி மதிப்பெண்களை நிறுவனமே வெளியிடுகின்றது. பையன் கடிகாரம் வைத்து எழுதிய பத்து மாதிரித் தேர்வுகளின் சராசரியை அப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தமையனாரிடம் அவன் காட்டியது பத்தினுள் மிகுந்த ஒன்றையே.

இனிப் பயன். கூரிய பிள்ளைகளோடு கூடிப் பயிலலாம். வருகைக் கட்டாயம் இல்லை. படிக்குங் காலத்திலேயே தொழிற்கூடங்களில் பயிற்சி உண்டு. இவை மெய்யான நன்மைகள். ஆனால் நான்காண்டுக் கட்டணமும் விடுதியும் உணவும் சேர்ந்து 20 லட்சத்தைக் கடக்கும். குடும்ப வருவாய் நோக்கிக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைக்கின்றார்கள். அதனை நிச்சயமென்று நம்பிக் கணக்கிடலாகாது. வங்கிக் கடன் இல்லையா என்பீர். படிக்கும் நாளிலும் வட்டி ஏறுவதை எண்ணுங்கள்.

1794-இல் தோன்றிய கிண்டிப் பொறியியற் கல்லூரி நம் அருகிலேயே இருக்கின்றது. ஆங்கு நுழைவுத் தேர்வில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். கட்டணம் பிலானியின் கட்டணத்தில் ஒரு சிறு பங்கே. கிண்டியில் நல்ல பிரிவு கிடைக்குமாயின், பெயருக்காக மட்டும் பிலானியில் விரும்பாத பிரிவை ஏற்றல் தகாது என்பது என் துணிபு. கிண்டி எட்டாது, பிலானியில் கணிப்பொறியோ மின்னணுவோ எட்டுமாயின், கடன் பட்டும் போகலாம்.

நிலத்திற்கு வருகின்றேன். ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் என் தமையனார் மகளுக்கும் அதிற் பங்குண்டு. கணக்கில் அவளினும் கூரியவர் எம் பள்ளியில் இல்லை. அண்ணனுக்காக நிலம் போய்விடின், அவள் முறை வருங்கால் எதனை விற்பது? இதனைக் கேட்டவர் என் அண்ணியார்; படித்த எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

அன்றிரவே, தேர்வுக்கு முன்பாக, இன்ன பிரிவு கிடைக்கும் இன்ன எண்ணுக்குக் குறைந்தால் பிலானிப் பேச்சில்லை என ஒரு தாளில் எழுதினோம். வெற்றிக் களிப்பில் கைகள் தாமே கையொப்பமிட்டு விடுமென்று அஞ்சியே முன்கூட்டி எழுதினோம். எல்லையைத் தாண்டினாலும் நிலத்தில் பாதியையே அடகு வைப்பது, விற்பதில்லை என்பதும் அதிலுண்டு. பையனும் ஒப்பமிட்டான், சிறிது முகம் வாடியே இட்டான்.

முதற் றேர்வில் வந்தது அவ்வெல்லைக்கு 11 குறைவு. இரண்டனுள் மிகுந்த எண்ணையே கொள்வாராதலின், இரண்டாந் தேர்வுக்கு ஆயத்தம் செய்கின்றான். தாள் அண்ணியாரின் பெட்டியில் இருக்கின்றது. நிலத்தில் இப்போது எள் நிற்கின்றது.