சட்டையின் நிறமும் நம் பிள்ளைகளும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தமிழ்ச் சங்க மேடையில் பந்தாட்டச் சட்டையைப் பற்றிப் பேசுவானேன் என்று வியக்க வேண்டா. கொல்கத்தாவில் வாழும் நம் இல்லங்களிலே ஒரு பிள்ளை செம்மையும் பொன்னிறமும் கலந்த சட்டை கேட்கிறான். மற்றொருவன் பச்சையும் அரக்குச் சிவப்பும் கேட்கிறான். "இந்தச் சண்டை நமக்கு எதற்கு?" என்று நாம் அதட்டுகிறோம். அந்த அதட்டல் முறைதானா என்று சற்றே எண்ணிப் பார்ப்போம்.

பச்சையும் அரக்கும் 1889-இல் தோன்றிய மோகன் பாகான் கழகத்தின் நிறங்கள். 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், அக்கழகத்தார் ஒருவர் நீங்கலாக ஏனையோர் வெறுங்காலுடன் ஆடி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவினரை 2-1 என வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பெற்றனர். அன்று முதல் அந்நிறங்கள் நாட்டுப் பெருமிதத்தின் நிறங்களாயின.

செம்பொன் நிறத்தின் கதை வேறு. 1920-இல் ஜோராபகான் கழகம், கிழக்கு வங்காளத்து ஆட்டக்காரரான சைலேஷ் போஸை அணியிலிருந்து நீக்கியது. அதனை ஏற்காத சுரேஷ் சந்திர சௌதுரி வெளியேறி, நண்பர்களுடன் ஈஸ்ட் பெங்கால் கழகத்தைத் தொடங்கினார். சட்டைக்கு நிறம் தேடியவர்கள், சௌரங்கியில் இருந்த ஒயிட்டவே லெயிட்லா கடையில் தொங்கிய செம்பொன் சட்டையைக் கண்டு மயங்கித் தேர்ந்தனர் என்று கழக வரலாறு கூறும். கடையில் வாங்கிய நிறம்! ஆயினும், 1947-இல் நாடு பிரிந்து, வீடும் நிலமும் இழந்து எல்லை கடந்து வந்த மக்களுக்கு அதுவே ஊரின் நினைவாயிற்று.

இனித்தான் நமக்குரிய செய்தி. 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து அக்கழகம் கேடயம் வென்றது. அந்நாளில் முன்வரிசையில் ஆடிப் 'பஞ்ச பாண்டவர்' எனப் பெயர் பெற்றவர் யாவர்? வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவர். ஐவரும் தென்னாட்டிலிருந்து வந்தவர்கள்! கிழக்கு வங்காளத்தில் பிறந்தவர் ஒருவரும் அவர்களுள் இல்லை. அகதிகளாய் வந்தோரின் கண்ணீரைத் துடைத்தவர்கள், வங்க மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத இவ்வைவரே. உழைப்பினால் அந்த நிறத்தைத் தமதாக்கிக் கொண்டனர். ஊராரும் அவர்களைத் தம்மவர் என்றே போற்றினர்.

நிறப்பற்று பகையாகக் கூடாது என்பதும் உண்மையே. 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள், ஈடன் தோட்டத்தில் இவ்விரு கழகங்களும் மோதிய ஆட்டத்தின்போது எழுந்த கலவரத்தில் 16 பேர் உயிரிழந்தனர். ஆனால் 2024 ஆகஸ்டு 18 அன்று, கொலையுண்ட இளம் பெண் மருத்துவருக்கு நீதி கேட்டு, இரு நிறத்தாரும் சால்ட் லேக் அரங்கின் வெளியே தோளோடு தோள் நின்றனர். பிள்ளைகளுக்கு இவ்விரண்டு நாள்களையும் சேர்த்தே சொல்லுவோம்.

அன்பர்களே! இவ்வூர்ச் சட்டையை அணிந்தால் பிள்ளை தமிழை மறந்துவிடுவானோ என்று அஞ்சுகிறோம். தமிழை மறக்கச் செய்வது சட்டை அன்று. வீட்டில் நாம் தமிழ் பேசாமையே. வீட்டிலே தமிழ் தருவோம். மைதானத்திலே அவன் விரும்பும் நிறத்தை அவனே தேர்ந்துகொள்ளட்டும். நமக்குச் சோறும் வாழ்வும் தந்த இவ்வூரின் வெற்றி தோல்விகளில் அவனும் பங்கு கொள்ளட்டும்.