வீட்டுக் குறையும் காலக் கெடுவும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொருளைத் தேடுதல் அரிது. தேடியதைக் காத்தல் அதனினும் அரிது. என் தமையனார் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றபோது கிடைத்த பொருள் முழுவதையும் இட்டு அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கினார். மூன்றாம் ஆண்டிலேயே சுவர் வெடித்து மழைநீர் ஒழுகலாயிற்று. கட்டித் தந்தவரோ, "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே ஆறாம் ஆண்டு வரை கடத்திவிட்டார். முறையிட்டதற்குத் தமையனார் கையில் ஒரு துண்டுக் கடிதமும் இல்லை.

ரெரா என வழங்கும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு கூறுவது யாது? அச்சட்டத்துக்கு உட்பட்ட கட்டிடத்தில், வீடு கைக்கு வந்த நாள்முதல் 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்திறத்திலோ உள்ள குறையை அறிவித்தால், கட்டியவர் 30 நாளுக்குள் கட்டணமின்றிச் செப்பனிடல் வேண்டும். தவறின் நஷ்டஈடு தரல் வேண்டும். நுகர்வோர் ஆணையத்தை நாடுவோர்க்கோ, 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்குக்குக் காரணம் தோன்றியது முதல் 2 ஆண்டே கெடு. தக்க காரணம் காட்டினாலன்றிப் பின்னர் மனு ஏற்கப்படாது. ஆகவே, "ஐந்தாண்டு உண்டே" என்று வாளாவிருத்தல் தகாது.

வீடு ஒப்படைத்த நாளைக் காட்டும் பத்திரத்தைப் பேணுங்கள். வெடிப்புக் கண்ட அன்றே எழுத்தில் அறிவித்து, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எழுத இயலாதோர் மாலையில் என் இல்லத்துக்கு வருக; நானே எழுதித் தருவேன். என் தமையனார்க்கு நேர்ந்தது நம்மவர் ஒருவர்க்கும் நேரலாகாது.