எல்லை தாண்டும் கட்டியும் இரத்தம் சொல்லும் செய்தியும்
(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பரிசோதனைக்கூடத்திற்கென்று நீங்கள் கொடுக்கும் காணிக்கையால் நோயாளிக்கு என்ன பயன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கல்லீரல் புற்றுநோயை வைத்தே பதில் சொல்ல விரும்புகிறோம்.

கல்லீரலில் கட்டி இருப்பதாக ஸ்கேன் காட்டியவுடன், "ஆபரேஷன் செய்தால் பிழைப்பாரா, ஐயா?" என்றுதான் வீட்டார் கேட்கிறார்கள். கட்டியின் அளவு மட்டும் அதற்கு விடை தராது. கட்டி தன் எல்லையைத் தாண்டி இரத்தக்குழாய்க்குள் நுழைந்துவிட்டதா என்பதும் தெரியவேண்டும். நுழைந்துவிட்டால் கல்லீரலின் மற்றப் பகுதிகளுக்கும், நுரையீரல், எலும்பு ஆகியவற்றுக்கும் பரவ வழி திறந்துவிடுகிறது. பெரிய குழாயில் நுழைந்ததை ஸ்கேன் காட்டும். நுண்ணிய குழாய்களில் புகுந்ததோ, கட்டியை வெட்டியெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த பின்பே உறுதியாகத் தெரியும்.

ஆபரேஷனுக்கு முன்பே இதைப்பற்றிக் குறிப்புக் கொடுக்கும் சில புரதங்கள் உண்டு. தாயின் கருவிலிருக்கும் சிசுவின் கல்லீரல் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்னும் புரதத்தைச் சுரக்கிறது. பிறந்தபின் அது மிகவும் குறைந்துவிடும். 1963-ல் ஏபெலெவ் என்ற ரஷ்ய விஞ்ஞானியும் அவரது குழுவினரும் கல்லீரல் கட்டியுள்ள எலிகளில் இது மீண்டும் சுரப்பதைக் கண்டார்கள். பின்னர் மனிதரிலும் அவ்வாறே காணப்பட்டது. 1984-ல் பிவ்கா-2 என்னும் மற்றொரு புரதமும் கல்லீரல் புற்றுநோயின் அடையாளமாக அறியப்பட்டது. இரத்தம் உறைய உதவும் புரோத்ராம்பினின் குறைபட்ட வடிவமே இது. இது மிகுந்திருந்தால், கட்டி இரத்தக்குழாயைத் துளைத்திருக்குமோ என்று மருத்துவர் எச்சரிக்கை அடைகிறார்.

கட்டியின் திசுவிலும் அடையாளங்கள் உண்டு. செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் ஈ-கேட்ஹெரின் குறையும்போது செல்கள் பிரிந்து அலையத் தொடங்குகின்றன. சுற்றியுள்ள திசுவை அரித்து வழி உண்டாக்கும் நொதிகளும் பெருகுகின்றன. ஆனால் இத்திசுச் சோதனைகள் இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையிலேயே இருக்கின்றன.

எந்தப் புரதமும் தனியே தீர்ப்புச் சொல்வதில்லை. ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் சாதாரண அளவில் இருக்கும்போதே புற்றுநோய் இருக்கக்கூடும். வைட்டமின் கே குறைந்தவர்களுக்கும், வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் புற்றுநோய் இல்லாமலே பிவ்கா-2 கூடும். ஆகையால் ஸ்கேனையும் இரத்தச் சோதனையையும் சேர்த்தே பார்க்கிறோம். ஈரல் சுருங்கிப்போனவர்களை ஆறு மாதத்திற்கு ஒருமுறை வரச் சொல்வதும், கட்டி எல்லை தாண்டுமுன் கண்டுபிடிப்பதற்காகவே.

பிரியமானவர்களே, ஏழைக் குடும்பம் ஒன்று இருக்கிற நிலத்தை விற்று ஆபரேஷனுக்கு வருமுன், அதனால் பலன் உண்டா என்பதை உண்மையாய்ச் சொல்லவேண்டியது எங்கள் கடமை. பலன் உண்டென்றால் தாமதிக்கக் கூடாது. இல்லையென்றால் வலி தணிக்கும் சிகிச்சையோடு, மீந்திருக்கும் நாட்களை அவர் தம் பிள்ளைகளோடு சமாதானமாய்க் கழிக்க உதவவேண்டும். இவ்வுண்மையைச் சொல்ல உங்கள் காணிக்கை எங்களுக்குத் துணைசெய்கிறது.

இந்நோய்க்கு முக்கிய காரணமாகிய ஹெப்படைட்டிஸ் பி கிருமிக்குத் தடுப்பூசி உண்டு. தைவான் நாடு 1984-ல் பச்சிளங்குழந்தைகளுக்கு அதைப் போடத் தொடங்கியது. பிற்பாடு அங்கே சிறுவரிடையே இப்புற்றுநோய் குறைந்தது. நம் நாட்டிலும் 2011 முதல் இத்திட்டம் எங்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசியைப் போடச் செய்யுங்கள்.

எங்கள் நோயாளிகளுக்காகவும் பரிசோதனைக்கூட ஊழியர்களுக்காகவும் தொடர்ந்து ஜெபியுங்கள். ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக.