கவுந்தா என்னடா பண்ணுவே?

கொடுங்கையூரில் எங்க வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன். நடுவில் லாரி ஹாரன் கேட்டால் கண்டுக்காதீங்க.

எட்டு வருஷமாக சரக்குக் கப்பலில் என்ஜினியர் வேலை. சேர்த்த காசில், கூட வேலை பார்க்கும் நண்பனோடு பங்கு போட்டு ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கலாம் என்று முடிவு பண்ணினோம். ரேஸுக்கு இல்லை. லீவில் இலங்கை, அந்தமான் என்று நிதானமாகப் போய் வர. மேற்குக் கரையில் ரெண்டு படகு பார்த்து வைத்தோம். ஒன்று 32 அடி மரப்படகு, ரெண்டு பாய்மரம். இன்னொன்று 36 அடி ஃபைபர், ஒற்றைப் பாய்மரம். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். நண்பனுக்கு மரப்படகு மேல் ஆசை. எனக்கு ஃபைபர். எக்ஸெல் ஷீட் போட்டோம்: வேகம், எத்தனை பேர் படுக்கலாம், அடுப்பு, டீசல் டேங்க். கடைசியில் அவனவன் ஆசைப்பட்ட படகுக்கே அவனவன் மார்க் போட்டிருந்தான்.

எங்க அம்மா காசிமேட்டுப் பொண்ணு. தாத்தா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். ஷீட்டைப் பார்த்துட்டு அம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "கவுந்தா என்னடா பண்ணுவே?"

ரெண்டு பேரும் சிரிச்சோம். ராத்திரி தூக்கம் வரலை. ஏன்னா அந்தக் கேள்விக்கு ஷீட்டில் ஒரு கட்டம்கூட இல்லை.

அப்போதான் அபிலாஷ் டாமி ஞாபகம் வந்தது. கேரளாக்காரர், நம்ம கடற்படையில் அதிகாரியாக இருந்தவர். ஒரே பந்தயத்துக்கு ரெண்டு தடவை, ரெண்டு வேற வேற படகில் போனவர். பந்தயம் பேர் கோல்டன் குளோப். தனி ஆளாக, எங்கேயும் நிற்காமல் உலகைச் சுற்றணும். ஜிபிஎஸ் கிடையாது. படகு 32 அடியிலிருந்து 36 அடிக்குள், 1988-க்கு முந்தைய டிசைனாக இருக்கணும். அதாவது, நாங்க பார்த்த அதே சைஸ்.

இதோட முதல் பந்தயம் 1968-ல் நடந்தது. முழுசாக முடித்தது ஒரே ஆள், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவர் ஓட்டிய சுஹைலி, பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு. 2018 பந்தயத்துக்கு அதே மாதிரி மரத்தில் ஒன்றை கோவாவில் கட்டினார்கள். அதுதான் டாமியின் துரியா. செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் பெரும் புயல். படகு உருண்டது, பாய்மரம் போச்சு, அவருக்கு முதுகெலும்பில் அடி. எழுந்திருக்கவே முடியவில்லை. மூணு நாள் கழித்து ஒசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் வந்து தூக்கியது.

2022-ல் மறுபடி கிளம்பினார். இந்தத் தடவை பயானத் என்ற படகு. ரஸ்ட்லர் 36 என்ற ஃபைபர் மாடல், ஒற்றைப் பாய்மரம். 236 நாளில் சுற்றி முடித்து ரெண்டாவதாக வந்தார்.

இதைப் படித்ததும் நண்பனுக்கு மெசேஜ் போட்டேன்: "பாத்தியா, ஃபைபர்தான்!" 2018-ல் முதல் மூணு இடமும் ரஸ்ட்லர் 36-க்குத்தான் என்று கூடுதலாக ஒரு ஆதாரமும் வைத்தேன்.

அவனும் படித்துட்டு வந்தான். டாமியை உருட்டிய அதே புயலில் இன்னொரு படகும் பாய்மரத்தை இழந்தது. ஐரிஷ்காரர் ஒருத்தர் ஓட்டிய 36 அடி ஃபைபர் படகு. சரி, ரஸ்ட்லர்? அந்த வருஷம் ஜெயித்த வான் டென் ஹீடின் ரஸ்ட்லரும் பசிபிக்கில் சாய்ந்து, பாய்மரத்தைப் பிடிக்கும் வயர்களின் பிடிமானம் நழுவியது. எழுபது வயசைத் தாண்டிய மனுஷன், நடுக்கடலில் மரத்தில் ஏறி ரிப்பேர் பண்ணித்தான் ஜெயித்தார். 2022-ல் டாமியே கழிவறைக் கதவை அறுத்துத்தான், காற்றைப் பார்த்துத் தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவியைச் சரி பண்ணினார்.

ஆக, எந்தப் படகும் கவிழும். மரமா ஃபைபரா என்பது ரெண்டாவது கேள்வி. கவிழ்ந்து நிமிர்ந்த பிறகு என்ன மிஞ்சும், மிஞ்சியதை நான் கையாலே சரி பண்ண முடியுமா? அதுதான் முதல் கேள்வி. தாத்தா கட்டுமரம் அப்படித்தானே? கட்டைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. கவிழ்ந்தால் மூழ்காது. புரட்டிப் போட்டு ஏறிக்கலாம். கயிறு போனால் வேற கயிறு. நாங்க பார்த்த படகுகளுக்கு அடியில் கனமான கீல் இருக்கு, அது திரும்ப நிமிர்த்திவிடும். ஆனா பாய்மரம் நிற்பது சில வயர்களை நம்பித்தான்.

பழைய ஷீட்டை அழிச்சோம். புதுசில் நாலே கட்டம். ஒண்ணு, பாய்மர வயர்கள் எப்போ மாற்றியது? பத்து வருஷம் தாண்டியிருந்தால், பளபளன்னு இருந்தாலும் மாற்றும் செலவை விலையோடு சேர்க்கணும். ரெண்டு, வயர் படகோடு சேரும் இடத்தில் துருவோ விரிசலோ இருக்கா? மூணு, உடம்பு. ஃபைபரைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கிட்டே போகணும். சத்தம் மந்தமாக மாறும் இடத்தில் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். மரத்தை ஊசியால் குத்திப் பார்க்கணும். மெத்துன்னு இறங்கினால் உளுத்துப் போச்சு. நாலு, உடைந்தால் நாங்க ரெண்டு பேரே சரி பண்ண முடியுமா?

படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி வைத்துப் பார்த்தோம், சர்வேயரையும் கூப்பிட்டு. மரப்படகில் வயர் புதுசு, ஆனா ரெண்டு பலகையில் ஊசி இறங்கியது. ஃபைபரில் உடம்பு நல்லா இருக்கு, வயர் பதினாலு வருஷப் பழசு. வயரை நாங்களே மாற்றிடுவோம். பலகை மாற்றும் தச்சு வேலை எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. அதனால் ஃபைபர். வயர் செலவைக் கழித்து விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்தாச்சு. நண்பனுக்கு இன்னும் மனசு மரப்படகில்தான்.

அம்மாகிட்ட சொன்னேன். "சரி, வயரை மாத்தாம ஏறக் கூடாது"ன்னாங்க. சத்தியம் பண்ணியிருக்கேன். அடுத்த எபிசோடில் அந்த வயர் மாற்றும் கதை. பார்க்கலாம், மக்களே.