விடுதி வாழ்க்கையும் நமது பொறுப்பும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)





இவ்வாண்டும் நம்மூர்ப் பிள்ளைகள் சிலர் மேற்படிப்பின் பொருட்டு வீட்டை விட்டு விடுதிகளுக்குச் செல்ல இருக்கின்றார்கள். அவர்களுக்கு நாலு புத்தி சொல்ல வேண்டுமென்று செயலாளர் கேட்டுக்கொண்டார். புத்தி சொல்லும் தகுதி எமக்கு உண்டோ என்பது ஐயம். ஆனால், விடுதியில் இருந்து நாம் செய்த பிழைகளைச் சொல்லும் தகுதி நிறைய உண்டு. ஆகவே அவற்றையே சொல்ல முன்வந்தோம்.

கின்னியாவில் 2009இல் பாலம் திறக்கப்படுவதற்கு நெடுங்காலம் முந்திய கதை இது. கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடந்து, றங்குப் பெட்டியும் பாயுமாக விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். 1660இல் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞன் நம் மூதூரிலே பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்ததைச் சரித்திர பாடத்தில் படித்திருந்தோம். அந்தக் கதியே எமக்கும் வந்ததென்று முதல் நாள் இரவு தலையணை நனைய அழுதோம். நொக்ஸோடு அவன் தந்தையாராவது பிடிபட்டிருந்தார். எமது தந்தையாரோ அடுத்த லோஞ்சிலேயே ஊர் திரும்பிவிட்டார்!

அழுகை ஒரு மாதத்தில் அடங்கியது; குறும்பு தொடங்கியது. அதிகாலை மணி அடிக்கக் கூடாதென்று மணியின் நாக்கில் பழந்துணியைச் சுற்றினோம். விடுதிப் பொறுப்பாசிரியரும் அந்த மணியை நம்பியே துயில்பவர் என்பது எமக்குத் தெரியாது. அன்று காலைப் பூசையும் இல்லை, முதற் பாடமும் இல்லை. தண்டனையாக ஒரு வாரம் சமையற்கட்டில் தேங்காய் துருவினோம். பிறிதொரு நாள் நுளம்பு வலைக்குள்ளே மெழுகுவர்த்தி ஏற்றித் துப்பறியும் நாவல் படித்த நண்பர் ஒருவர், கொலைகாரன் யாரென்று தெரியுமுன்னரே வலையையும் தலையணையில் பாதியையும் எரித்துவிட்டார். கூரை தப்பியது இறைவன் அருள். இவற்றையெல்லாம் இன்று நினைத்துச் சிரிக்கின்றோம். செய்தவர்களே அடியும் வாங்கினார்கள். கணக்கு அன்றே தீர்ந்தது.

தீராத கணக்கொன்று இருக்கின்றது. அதைச் சொல்லவே இங்கு வந்தோம்.

மேல்வகுப்பில் இருந்த நாங்கள் ஐந்து பேர் ஓர் இரவு மதிலேறிக் குதித்து, இரண்டாங் காட்சிப் படம் பார்க்கப் போனோம். திரும்பி வரும்போது பின் கதவைத் திறந்துவிட ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆண்டுதான் சேர்ந்திருந்த சிறுவன் ஒருவனைப் பிடித்து, "நீ விழித்திரு, இல்லாவிட்டால் தெரியும்தானே" என்று மிரட்டி நிறுத்தினோம். அவனும் கொட்டியாரப் பற்றைச் சேர்ந்தவனே. எருமை வளர்க்கும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை.

நாங்கள் கள்ளத்தனமாக வந்து படுத்துவிட்டோம். கதவைத் திரும்பப் பூட்டும்போது அவன் அகப்பட்டுக்கொண்டான். "யாருக்காகத் திறந்தாய்?" என்று எத்தனை முறை கேட்டும் அவன் வாய் திறக்கவில்லை. காலையில் அனைவரையும் வரிசையாக நிறுத்தி, "வெளியே போனவர்கள் முன்னே வாருங்கள்" என்றார்கள். ஐந்து பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சிறுவனை விடுதியிலிருந்து நீக்கினார்கள்.

இரண்டு நாள் கழித்து அவனுடைய தந்தையார் லோஞ்சில் வந்தார். வெறுங்கையோடு வரக் கூடாதென்று ஒரு பெரிய சட்டி நிறையத் தயிர் கொண்டுவந்திருந்தார். "என்ட பிள்ளை களவு செய்ய மாட்டான் ஐயா" என்பதைத் தவிர வேறு பேச்சு அவரிடம் இல்லை. மகனின் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தயிர் மட்டும் நின்றது. அன்று மத்தியானம் அதை எங்கள் இலையில் பரிமாறினார்கள். நாங்கள் சாப்பிட்டோம்.

அச்சிறுவன் பிறகு எந்தப் பள்ளிக்கும் போகவில்லை என்று அறிந்தோம். பல ஆண்டுகளின் பின் இறங்குதுறையில் ஒருநாள் அவரைக் கண்டோம். சுகம் விசாரித்தார், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லுமுன் லோஞ்சு புறப்பட்டுவிட்டது என்று சொல்லலாம். உண்மையில், லோஞ்சு புறப்பட அரை மணி நேரம் இருந்தது.

இளைஞர்களே, குறும்பு வேறு, கொடுமை வேறு. தன் செயலின் பலனைத் தானே சுமப்பது குறும்பு. அதனை எளியவன் தலையில் ஏற்றும்போது அது கொடுமையாகின்றது. இன்று பகிடிவதை என்று நாம் சொல்வதும் இந்த வேரிலிருந்து முளைத்ததே.

விபுலாநந்த அடிகளாரை அறியாதார் நம் மாகாணத்தில் இல்லை. திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர். ஏழைப் பிள்ளைகளும் ஆதரவற்ற பிள்ளைகளும் உண்டு உறைந்து படிக்க வேண்டுமென்று பாடுபட்டவர். அவர் 1931இல் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகச் சென்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே, 1996இல் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவனால் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது.

நம் நாட்டின் கதையும் இதற்குக் குறைந்ததன்று. 1975இல் பேராதனையில் மாணவி ஒருவர் பகிடிவதைக்கு அஞ்சி விடுதி மாடியிலிருந்து குதித்து முடமானார், 2002இல் உயிரிழந்தார். 1997இல் அதே பேராதனையில் பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர், அளவு மீறித் தேகப்பயிற்சி செய்யும்படி வதைக்கப்பட்டதால் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார். அதன் பின்னரே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. பகிடிவதை செய்தவருக்கு 2 ஆண்டு வரையும், கடுங்காயம் விளைவித்தால் 10 ஆண்டு வரையும் சிறை என்று அது கூறுகின்றது. செய்தவர்கள் பிறவியிலேயே கொடியவர்களா? அல்லர். அவர்களைச் சுற்றி, எம்மைப் போல நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் பலர் இருந்திருப்பார்கள்.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை விடுமுறையில் வந்தால் புள்ளிகளை மட்டும் கேளாதீர்கள். "அங்கே யாரோடு இருந்து சாப்பிடுகிறாய்? யாருக்குப் பயப்படுகிறாய்? உனக்கு யார் பயப்படுகிறார்கள்?" என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்வியை எம்மிடம் யாராவது கேட்டிருந்தால் நன்றாயிருக்கும்.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக விடுதிக்குச் செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும், அங்கே முன்னரே படிக்கும் நம்மூர் மாணவர் ஒருவரைத் துணையாக நியமியுங்கள். அவர் அண்ணனாக நிற்கட்டும்.

மணியின் நாக்கில் துணி சுற்றினால் தேங்காய் துருவுங்கள். அதில் பெரிய குறைவில்லை. ஆனால், "செய்தவர்கள் முன்னே வாருங்கள்" என்று ஒருநாள் கேட்கும்போது, ஓர் அடி எடுத்து முன்னே வையுங்கள். அந்த ஓர் அடியை அன்று வைக்காதவர்கள் நாங்கள். அதன் பாரத்தை இன்றும் சுமக்கின்றோம்.

எல்லாம் வல்ல இறைவன் உங்களைக் காப்பானாக.